முகமூடி கைமாறியபோது நான் எழுதியது

அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர். என் கையால் கோப்பு தொலைந்ததில்லை, தேநீர் குடிக்கப் போனால் சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிடுவேன், யாரோடும் வம்புக்குப் போக மாட்டேன். ஐம்பதைத் தொடப் போகிற இந்த ஒழுங்கான மனிதன் மேசை லாச்சிக்குள் படக்கதைப் புத்தகம் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டு வேளையில் வாசிக்கிறான் என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் நான் ஓய்வு பெறும்வரை கேலியை விட மாட்டார்கள்.

மாத்தளைப் பக்கத்தில் அது தெரிந்தவர்கள் இருவர். ஒருவர் உக்குவளையில் கராம்பும் மிளகும் வாங்கி விற்கிற முஸ்லிம் வியாபாரி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவேன். மற்றவர் ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கும் டீச்சர். முப்பது வயதிருக்கும். மூன்று பேருக்கும் சேர்த்துச் சென்னையிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை படக்கதைப் பார்சல் வரும். நானாவுக்குத் தெரிந்த வியாபாரிகள் யாராவது கொண்டு வந்து அவருடைய கடையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மூவரும் கூடும்வரை பார்சலைப் பிரிக்கக் கூடாது என்பது சட்டம். பிரித்ததும் கடையின் பின்னறையில் மிளகு மூட்டைகள் மேல் உட்கார்ந்து, கடைசிப் பக்கத்து வாசகர் கடிதங்களை ஒருவர் உரக்க வாசிக்க வேண்டும். முறை வைத்து வாசிப்போம். கதையை அவரவர் வீட்டில் வாசிக்கலாம், கடிதங்களைக் கூடித்தான் வாசிக்க வேண்டும் என்று நானா பிடிவாதமாக இருந்தார். சண்டை பிடிக்க ஆள் வேண்டுமே.

நாங்கள் மூவரும் விழுந்து கிடந்தது ஒரே தொடரில். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடுகிற, சென்னையில் தமிழாக்கி வெளியிடுகிற வெளிநாட்டுத் தொடர் அது. செம்பு நிற முகமூடியும் கருநீல அங்கியும் அணிந்து பறக்கிற ஒருவர். பகலில் பெரிய டாக்டர், மலை மேல் மாளிகை, வெள்ளைக்காரர். எனக்குத் தலை நரைத்தது, அவருக்கு நரைக்கவே இல்லை. நானாவும் நானும் அவரை அவர் இவர் என்றுதான் பேசுவோம், மாமன் மச்சானைப் பற்றிப் பேசுவதுபோல.

போன வருடம் அவர் ஒரு கதையில் பறக்க முடியாதபடி காயப்பட்டார். முகமூடியைக் கழற்றி இன்னொருவரிடம் கொடுத்தார். வாங்கிக்கொண்டது இருபது வயதுப் பெண். கறுத்த பெண். தமிழ்நாட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வாரிசு என்று கதையிலேயே சொல்லியிருந்தார்கள். வெளிநாட்டுக்காரன் எழுதும் கதையில் தமிழ் இரத்தம் ஓடுகிற ஒருத்தி முதல் தடவையாக முகமூடி போடுகிறாள். தமிழ் வாசகர்கள் பால் பொங்கவைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். செய்தது வேறு.

முகநூலில் எங்களுக்கு ஒரு வாசகர் குழு இருக்கிறது. தமிழ்நாடு, இலங்கை, மலேசியா, வளைகுடா என்று எல்லா இடத்து ஆட்களும் உண்டு. நான் அதன் நிர்வாகிகளில் ஒருவன். அந்த வாரம் குழு பற்றி எரிந்தது. சூப்பர் ஹீரோவுக்குமா இட ஒதுக்கீடு என்று ஒருவர். என் பால்ய காலத்தைக் கொன்றுவிட்டார்கள் என்று இன்னொருவர். முப்பது வருடமாகச் சேர்த்த புத்தகங்களைக் கொளுத்தப் போவதாக எழுதிய ஒருவர், அடுத்த வாரமே அவற்றை விற்பனைக்குப் போட்டிருந்தார். பெண் என்பது பிடிக்காதவர்கள், கறுப்பு பிடிக்காதவர்கள், இரண்டும் பிடிக்கும் ஆனால் கதை சரியில்லை என்று சுற்றி வளைத்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். நானா மட்டும் தொலைபேசியில் சிரித்தார்.

"எனக்கு முகமூடிக்குள்ள ஆர் ஈந்தா என்ன தம்பி? கத நல்லா ஈக்கணும். முன்ன ஒருக்கா அவர்ட அங்கிட கலர மாத்தினதுக்கும் இவனுங்க ஒப்பாரி வெச்சவனுங்கதானே."

நிர்வாகி என்பதால் நான் யாருடனும் சண்டைக்குப் போகக் கூடாது. அதனால் சண்டைக்கென்றே இன்னொரு கணக்கு வைத்திருந்தேன். பொய்ப் பெயர், படத்துக்குச் செம்பு முகமூடி. ஆரம்பத்தில் ஓவியர்களைப் பற்றி வாதாடத்தான் அதைத் திறந்தேன். அந்தக் கணக்குக்குள் போனால் என் குரல் மாறிவிடும். அலுவலகத்தில் விழுங்கியதெல்லாம் அங்கே வெளியே வரும்.

சண்டை உச்சத்தில் இருந்தபோது டீச்சர் குழுவில் ஒரு நீண்ட பதிவு போட்டார். சொந்தப் பெயரில், சொந்தப் படத்தோடு. தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தின் வாசலில் தன் அம்மாவின் தோளில் கைபோட்டு நிற்கிற படம். தான் தோட்டத்தில் பிறந்தவள், அம்மா இன்றைக்கும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார் என்று எழுதியிருந்தார். இந்தப் பெண்ணின் முன்னோரை ஏற்றிய ஆட்கள்தான் எங்கள் முன்னோரையும் ஏற்றினார்கள், கப்பல் போன திசைதான் வேறு, முகமூடிக்குள் என்னைப் போன்ற ஒரு முகத்தைப் பார்க்க இத்தனை வருடம் ஆகிவிட்டது என்று முடித்திருந்தார். நல்ல தமிழ். ஒரு இடத்திலும் கெஞ்சல் இல்லை.

அதை நான் மதியச் சோற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். பெருமை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம்.

ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். நானும் லயத்தில் பிறந்தவன். ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே, டீச்சரின் தோட்டத்திலிருந்து இரண்டு மலை தாண்டினால் எங்கள் தோட்டம். ஆறாம் வகுப்புக்கு டவுன் பாடசாலைக்கு வந்த முதல் வாரம் தோட்டக்காட்டான் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களும் தமிழ்ப் பிள்ளைகள்தான். அந்த வருடமே முடிவெடுத்துவிட்டேன். பேச்சை மாற்றினேன், நடையை மாற்றினேன், வேலை கிடைத்ததும் டவுனை ஒட்டிய அலுவிகாரையில் வீடு கட்டி விலாசத்தையும் மாற்றினேன். சொந்த ஊர் எது என்று அலுவலகத்தில் கேட்டால் ரத்தோட்டைப் பக்கம் என்பேன். ரத்தோட்டையில் தோட்டம் மட்டுமல்ல, கடைத்தெருவும் வீடுகளும் உண்டு, கேட்பவர் என்னை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். நானாவுக்கும் டீச்சருக்கும்கூட நான் அலுவிகாரைக்காரன்தான்.

சின்ன வயதில் அந்தச் செம்பு முகமூடியை நான் நேசித்ததே அதற்காகத்தான். அதைப் போட்டுக்கொண்டால் யாரும் எங்கே பிறந்தாய் என்று கேட்க மாட்டார்கள். இப்போது அதற்குள்ளேயே லயத்துக்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். போதாக்குறைக்கு இந்த டீச்சர், நான் முப்பத்தைந்து வருடமாக மூடி வைத்திருந்ததை ஒரு பதிவில் சர்வசாதாரணமாகத் திறந்து வைத்துவிட்டார். ஒன்றும் இடிந்து விழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொய்க் கணக்குக்குள் போனேன். எழுதியதை மாற்றாமல் இங்கே எழுதுகிறேன், குறைத்து எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

"கரும்பானால் என்ன, தேயிலையானால் என்ன, எல்லாம் தோட்டக்காடுதான். முகமூடியின் பட்டியை உச்சந்தலையில் முடியோடு சேர்த்துக் குத்த வேண்டும் என்பது நம் ஹீரோ படித்த முதல் பாடம். தோட்டக்காட்டுக்காரிக்குக் கூடைக் கயிறு தேய்த்துத் தேய்த்து உச்சந்தலையில் முடியே இருக்காது. முகமூடியை எங்கே குத்துவாள்? பறக்கும்போது கழன்று கொழுந்துக் கூடைக்குள் விழும்."

சோறு ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது சிரிப்பு முகங்கள் குவிந்திருந்தன. கூடைக் கயிற்றுக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டார். கூடையை முதுகில் போட்டுக் கயிற்றைத் தலையில் மாட்டுவார்கள், வருடக்கணக்கில் பாரம் இழுத்தால் அந்த இடத்தில் முடி போய்விடும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். அதற்கும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

நகைச்சுவை என்னோடு நிற்கவில்லை. யாரோ ஒருவர் அதைப் படமாக வரைந்துவிட்டார். உச்சி வழுக்கையோடு, முதுகில் கூடையோடு, வாயில் வெற்றிலையோடு பறக்கிற பெண். அது குழுவைவிட்டு வெளியேறித் தொலைபேசி தொலைபேசியாகப் போனது. டீச்சருடைய பதிவின் கீழேயே பலர் அதைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். உங்கள் அம்மாவா டீச்சர் என்று ஒருவன் கேட்டிருந்தான். நிர்வாகியாக நான் அதை அழித்திருக்கலாம். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அடுத்த ஞாயிறு பார்சல் இல்லாத ஞாயிறு. ஆனாலும் டீச்சர் நானாவின் கடைக்கு வந்திருந்தார். என்னை வரச் சொல்லி நானாதான் அழைத்தார். நான் போனபோது டீச்சர் மூட்டை மேல் உட்காராமல் நின்றுகொண்டிருந்தார்.

"சார், ஸ்கூல்ல ஸ்டாஃப் ரூம் வரைக்கும் வந்துருச்சு. டவுன்லருந்து வர்ற ஒரு டீச்சர் போன நீட்டி, இது உங்க ஆளான்னு கேக்கிறாங்க. நா என்னா சொல்றது?"

"அவங்களுக்கு வேல இல்ல. விடுங்க டீச்சர்," என்றேன்.

"படம் போட்டவன விடுங்க. மொதல்ல எழுதினவன் ஒருத்தன் இருக்கான்ல? அவனத்தான் சார் எனக்குத் தாங்க முடியல. அவன் வெளியாளு இல்ல."

"எப்படிச் சொல்றீங்க?"

"தோட்டக்காட்டான்னு சொல்ல எல்லாருக்கும் தெரியும் சார். உச்சந்தலையில முடி தேஞ்சிருக்கிறது வெளியாளுக்கு எப்பிடித் தெரியும்? மலைக்குப் போறப்ப சீலைய மடிச்சித் தலையில போட்டு, அதுக்கு மேலதான கயித்த மாட்டுவாங்க. வீட்டுக்கு வந்தா முடிய இழுத்து அத மறைச்சி முடிஞ்சிக்குவாங்க. எங்கம்மா என்கிட்டயே காட்ட மாட்டாங்க. அம்மா தலைக்கு எண்ண தேச்சவன்தான் அதப் பாத்திருப்பான்."

எண்ணெய் தேய்த்தவன் நான்தான். எங்கள் லயத்துப் படியில் அம்மா கீழே உட்கார, நான் மேல்படியில் உட்கார்ந்து தேய்ப்பேன். உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்கு முடியில்லாத தோல், தேய்ந்த பலகை மாதிரி வழுவழுப்பாக இருக்கும். வேண்டுமென்றே அதில் விரலை ஓட்டுவேன். கூசுதுடா என்று அம்மா தோளைச் சுருக்கிச் சிரிப்பார். உலகத்தில் என்னைத் தவிர யாருக்கும் அந்த இடத்தைத் தொட அனுமதி இருந்ததில்லை.

"நீங்க டவுன் ஆளு, ஒங்களுக்கு இது வெளங்காது," என்றார் டீச்சர். "நீங்கதான அட்மின். அவன் யாருன்னு பாக்க முடியாதா? திட்ட மாட்டேன் சார். ஏன் இப்பிடி எழுதினேன்னு ஒரு வார்த்த கேக்கணும்."

"பாக்கிறேன்," என்றேன்.

அன்றே பதிவை அழித்தேன், பொய்க் கணக்கையும் மூடினேன். பிறகு என் சொந்தப் பெயரில், நிர்வாகி என்ற தோரணையில், இழிவான பேச்சுக்கு இந்தக் குழுவில் இடமில்லை, அந்த ஆளை வெளியேற்றிவிட்டோம் என்று அறிவித்தேன். யார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை என்று டீச்சருக்குத் தனியாக எழுதினேன். நன்றி சார் என்று பதில் வந்தது. குழுவிலும் பாராட்டினார்கள். சேற்றை வீசியவனே துடைத்துவிட்டுக் கூலியும் வாங்கிக்கொண்டான்.

அந்த மாதம் அம்மா கண் கிளினிக்குக்கு வந்தார். தோட்டத்தில் தம்பி குடும்பத்தோடு இருப்பவர் மாதம் ஒரு தடவை பெரியாஸ்பத்திரிக்கு வரும்போது எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்குவார். முச்சக்கர வண்டியில் காற்றுக்குச் சேலைத் தலைப்பு விலகியது. நரைத்த கொஞ்ச முடியை இழுத்து அந்த இடத்தை மூடிக் கொண்டையில் செருகியிருந்தார். நான் சாரதியின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒடம்புக்கு முடியலையா என்று அம்மா கேட்டார். இல்லம்மா என்றேன். அவமானம் என்று சொல்லிப் பழக்கமில்லாத வீடு எங்களுடையது.

அதற்குப் பிறகு வந்தது பார்சல். மூவரும் கூடினோம். மழை நாள், பின்னறையில் கராம்பு வாசம் அடர்த்தியாக இருந்தது. டீச்சர் பழையபடி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கடிதம் வாசிக்கும் முறை என்னுடையது. நானா பிளேன்டீயைக் கையில் தந்துவிட்டு, "வாசிங்க தம்பி, இந்த முற ஆரு ஆர ஏசியீக்கான்னு பாப்பம்," என்றார்.

முதல் கடிதம் அச்சுப் பிழைகளைப் பற்றியது. இரண்டாவது மதுரையிலிருந்து, பழைய நாயகனைத் திருப்பித் தரச் சொல்லி. மூன்றாவது கடிதத்தைத் தொடங்கி இரண்டு வரி வாசித்த பிறகுதான் அது யாருடையது என்று விளங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். டீச்சர் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார். எங்களுக்குச் சொல்லாமல் எழுதிப் போட்டிருக்கிறார்.

புதிய நாயகியைப் பற்றி அரைப் பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தார். நான் அதை உரக்க வாசித்தேன்: "என் அம்மாவைக் கேலி செய்தபோது நூற்றுக்கணக்கானோர் சிரித்தார்கள். தோட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவர், எங்கள் மாத்தளை நிர்வாகி சார், அதை நிறுத்தினார். முகமூடி போடாமலும் ஒருவர் ஹீரோவாக இருக்கலாம் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்."

"மாஷா அல்லாஹ்," என்றார் நானா, கையைத் தொடையில் தட்டி.

அச்சில் வந்துவிட்டது. அந்தத் தாளை ஊர் ஊராக, நாடு நாடாக வாசிப்பார்கள். அட்டை போட்டு அலுமாரியில் வைப்பார்கள். ஐம்பது வருடம் கழித்தும் யாராவது அதை எடுத்து வாசித்து நான் நல்லவன் என்று நம்புவான். பிளேன்டீயைக் கீழே வைத்தேன்.

"டீச்சர், அத எழுதினது நான்தான்."

அவருக்கு விளங்கவில்லை. இந்தக் கடிதத்தையா என்பதுபோல் பார்த்தார்.

"அந்த உச்சந்தலக் கத. நான்தான் எழுதினேன். அந்தக் கணக்கு என்னோடது. நான் டவுன் ஆளு இல்ல. லயத்துல பொறந்தவன்." தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். முப்பத்தைந்து வருடமாகச் சொல்லாத பெயர், நாக்கில் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

நானா என்னைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். முன்னால் வாடிக்கையாளர் யாரும் இல்லாதபோதும் எழுந்து முன்கடைக்குப் போய்விட்டார்.

டீச்சர் ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது, மன்னிப்புக் கேட்க ஒரு வாசல் திறக்கும் என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டேன். அவமானத்திலும் மனுஷனுக்குச் சுயநலம் போகாது. ஏன் எழுதினேன் என்று கேட்பார் என்றும் பதிலை ஒழுங்குபடுத்தினேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"ஒங்க அம்மாவும் கொழுந்து எடுத்தவங்களா சார்?"

"ஆமா."

"இருக்காங்களா?"

"இருக்காங்க."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

தன் பங்குப் புத்தகங்களைப் பைக்குள் வைத்தார். குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, திரும்பாமல் சொன்னார்: "அவங்ககிட்ட மட்டும் சொல்லிறாதீங்க சார்."

அதற்குப் பிறகு அவர் ஞாயிறுகளில் வருவதில்லை. அவருடைய பங்கை நானா ரத்தோட்டை பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறார். நானா என்னோடு பேசுகிறார், ஆனால் கடிதப் பக்கத்தை இப்போது நாங்கள் உரக்க வாசிப்பதில்லை. நடந்ததையெல்லாம் சொந்தப் பெயரில் குழுவில் எழுதிவிட்டு நிர்வாகிப் பொறுப்பிலிருந்தும் விலகினேன். அடி விழும் என்று பார்த்தேன். பெரிய மனசு சார் உங்களுக்கு, உண்மையை ஒத்துக்கொள்ளத் தைரியம் வேண்டும் என்று பாராட்டினார்கள். நல்ல ஜோக், எதற்காக அழித்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். டீச்சர் அதன் கீழே ஒன்றும் எழுதவில்லை.

அலுவலகத்தில் இன்னும் நான் ரத்தோட்டைப் பக்கத்துக்காரன்தான். அதைச் சொல்லித் திருத்த எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருந்த இரண்டு நாளும் அம்மா கிளினிக்குக்காக வீட்டில் இருந்தார். நான் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, என்னப்பா இவ்வளவு எழுதுற என்று கேட்டார். ஆபீஸ் வேல என்றேன். எழுதிய தாளை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தார். எழுத்து அழகா இருக்கு என்று சொல்லித் திருப்பித் தந்தார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் அவர் பக்கத்தில் இருக்கும்போதே எழுதி முடித்தேன்.